அங்காடியும் வழியின் உரிமையும்

சொற்களுக்கும் வரலாறு உண்டு. கடைத்தெருவைக் குறிக்க அரபு மொழியில் வழங்கும் சொல் 'ஸூக்' என்பது. ஓட்டிச் செல்லுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அது பிறந்தது. சரக்குகள் அவ்விடம் நோக்கி ஓட்டி வரப்படுவதால் அப்பெயர் வந்தது என்பர் அகராதியாளருள் ஒரு சாரார். காலைக் குறிக்கும் 'ஸாக்' என்னும் சொல்லோடு அதனை இணைத்து, மக்கள் தம் கால்களால் நின்று கொண்டும் கொடுத்தும் வரும் இடமாதலின் அப்பெயர் பெற்றது என்பர் மற்றொரு சாரார். நம் தமிழிலோ 'கடை' என்னும் சொல்லுக்கு வாயில் என்பதும் ஒரு பொருள். தலைக்கடை, புறக்கடை என்று இன்றும் நம் இல்லங்களில் வழங்குகிறோம் அன்றோ?

இரு மொழிகளும் ஒன்றையே நமக்கு உணர்த்துகின்றன. அங்காடி என்பது முதலில் மக்கள் நடக்கும் வழி. பிறகுதான் பொருள் குவியும் இடம். வழி செழித்தால் வணிகம் செழிக்கும். வழி அடைபட்டால் வணிகம் மட்டுமன்று, உயிரும் உடைமையும் ஆபத்துக்குள்ளாகும். வரலாற்றின் ஏடுகளைப் புரட்டுவோர்க்கு இவ்வுண்மை மீண்டும் மீண்டும் புலப்படும்.

சாரலும் சாம்பலும்

பொதிகைச் சாரலில் அமைந்த தென்காசியும், அதனை அடுத்துள்ள குற்றாலமும் வணிகத்தால் வளர்ந்த ஊர்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயிலைச் சூழ்ந்து தென்காசி நகரம் விரிந்தது. முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழும் ஊர் இது. மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்திற்கும், கிழக்கே திருநெல்வேலிக்கும் செல்லும் பாதையில் இருப்பதால், மலைநாட்டு மிளகும் தமிழகத்து நெல்லும் துணியும் இவ்வழியே கைம்மாறின. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்ததாக இருந்தமையால், இவ்வட்டாரம் எல்லைப்புற வணிகத்தின் நெளிவு சுளிவுகளையும் நன்கறிந்தது. 1904இல் செங்கோட்டை வழியே கொல்லத்திற்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியதும், கணவாய் வணிகத்திற்கு இருப்புப்பாதையும் துணையாயிற்று. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று.

குற்றாலத்தின் வணிகமோ பருவத்தை நம்பியது. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டதும் பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றால அருவியும் பொங்கி வழியும். பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் வந்து குவிவர். அவர்களை நம்பி நேந்திரங்காய் வறுவல், அல்வா, மங்குஸ்தான், ரம்புத்தான், தைலம், துண்டு, விளையாட்டுப் பொம்மை என்று நூற்றுக்கணக்கான சிறுகடைகள் முளைக்கும். ஆண்டு முழுவதும் உண்பதற்கானதை ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தேடிக்கொள்ள வேண்டிய குடும்பங்கள் பல அக்கடைகளின் பின்னே இருக்கின்றன.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சாரல் பருவம் முடிவதற்கு முன்பே, குற்றாலநாதர் கோயிலை ஒட்டிப் போடப்பட்டிருந்த தற்காலிகக் கடைகளில் தீப்பற்றியது. அடுத்தடுத்து நின்ற கடைகள் எரிந்து சாம்பலாயின. அருவி இரைந்து விழும் ஓசை கேட்கும் தொலைவிலேயே, வாங்கி அடுக்கிய சரக்கு கரியாயிற்று. நீர் இல்லாமையால் நேர்ந்த அழிவு அன்று இது. கம்பும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய கடை, கடைக்குள் அடுப்பு, அடுப்புக்கருகே நெகிழிப்பொருள், கடைக்கும் கடைக்கும் இடையே கையளவு இடைவெளியும் இன்மை என்னும் நான்கும் ஓரிடத்தில் கூடினால், எந்த ஊராயினும் ஒரு பொறி போதும்.

இப்படியொரு கேட்டைத் தடுக்கும் வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதா? அன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

ஹிஸ்பா என்னும் ஆட்சிமுறை

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் முஸ்லிம்களுக்கெனச் சந்தைக்கு ஓர் இடத்தை வகுத்தளித்தார்கள். அதில் வரி விதிக்கப்படக் கூடாது என்றும் பணித்தார்கள் என அறிவிக்கப்படுகிறது. தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, மேலே உலர்ந்ததையும் உள்ளே ஈரத்தையும் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அளவும் நிறையும் பற்றிய போதனையோடு மற்றொரு போதனையும் இணைந்து நிற்பதை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு பெருமானார் எச்சரித்தார்கள். தவிர்க்க இயலாது என்று தோழர்கள் கூறியபோது, அவ்வாறாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்னும் கருத்தில் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துதல், பிறர்க்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என்பன அவ்வுரிமையின் கூறுகள். வழிக்கும் ஓர் உரிமை உண்டு! பாதையிலிருந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இவ்வடிப்படையின் மீது பின்னாளில் எழுந்த ஆட்சிமுறையே 'ஹிஸ்பா'. அதனை நடத்துபவர் 'முஹ்தஸிப்'. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள், காழிக்கும் முஹ்தஸிபுக்கும் உள்ள வேறுபாட்டைத் தம் ஆட்சியியல் நூலில் தெளிவாக வகுத்துரைத்துள்ளார்கள். காழியிடம் வழக்கு வர வேண்டும். வழக்காளி வராதவரை அவர் தீர்ப்பளிக்க முடியாது. முஹ்தஸிபோ எவரும் முறையிடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தாமே சுற்றி வந்து, கேடு நேர்வதற்கு முன்பே தடுப்பது அவர் கடமை. இந்த ஒரு வேறுபாட்டிலேயே அங்காடிக் காவலின் முழு மறையும் அடங்கியுள்ளது எனலாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த ஷைஸரீ என்னும் அறிஞர், முஹ்தஸிபின் கையேடாகவே ஒரு நூல் யாத்தார். அதன் செய்திகளைக் குற்றாலத்தின் கடைத்தெருவில் நின்று படித்தால் வியப்பு மேலிடும். அடுப்பு மூட்டித் தொழில் செய்யும் ரொட்டி சுடுவோர், சமைப்போர், கொல்லர் ஆகியோரின் கடைகளை அத்தர் வணிகர், துணி வணிகர் கடைகளினின்றும் விலக்கி அமைக்க வேண்டும் என்கிறார் அவர். ரொட்டிக் கடையின் கூரை உயர்ந்திருக்க வேண்டும். புகை போக அகன்ற வழி இருக்க வேண்டும். கடையின் முன்திண்ணை கூரைத் தூண்களின் எல்லையைத் தாண்டி நடைவழிக்குள் நீளக் கூடாது. விறகு, வைக்கோல் போன்ற சுமைகளை நெருக்கமான கடைத்தெருவுக்குள் கொண்டு வந்து மக்களை இடிக்கக் கூடாது. தரை பாவாத கடைத்தெருவில், மழைக்காலத்தில் மக்கள் நடப்பதற்கு இருமருங்கும் நடைமேடை அமைய வேண்டும்.

இப்னு கல்தூன் (1332-1406) தம் முகத்திமாவில் முஹ்தஸிபின் கடமைகளைத் தொகுத்துரைக்கும்போது, வழியடைப்பைத் தடுத்தலையும், சுமையாளருக்கும் படகுகளுக்கும் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதைத் தடுத்தலையும் குறிப்பிடுகிறார். இடிந்து விழும் நிலையிலுள்ள கட்டடத்தை உடையவரைக் கொண்டே இடிக்கச் செய்து வழிப்போக்கரைக் காத்தலும் அவற்றுள் ஒன்று.

எல்லாத் தொழிலின் நுட்பமும் ஒருவர்க்கே தெரிந்திருக்க இயலுமா? இயலாது என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர். எனவே ஒவ்வொரு தொழிலாளர் கூட்டத்திலிருந்தும், அத்தொழிலின் நேர்மையையும் கள்ளத்தையும் ஒருங்கே அறிந்த, நம்பகமான ஒருவரை 'அரீஃப்' என முஹ்தஸிப் அமர்த்திக்கொள்ள வேண்டும் என்றார் ஷைஸரீ. அங்காடியின் காவல் வெளியிலிருந்து வருவது மட்டுமன்று, அங்காடிக்குள்ளிருந்தே எழ வேண்டியது என்பது இதன் கருத்து. அக்காவலில் பெண்களுக்கும் இடமிருந்தது. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அம்மையாரிடம் சந்தைப் பொறுப்புகளில் சிலவற்றைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒப்படைத்திருந்தார்கள் என வரலாற்று நூலாரிற் சிலர் குறித்துள்ளனர்.

நம் நாட்டுக் காவல்

இனி, நம் மண்ணின் வரலாற்றை நோக்குவோம். தென்காசிக்கு மேற்கே, கணவாய்க்கு அப்பாலுள்ள கொல்லத்தில் கி.பி. 849இல் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் இரு வணிகக் குழுக்களுக்கு அந்நகர அங்காடியில் உரிமைகளையும் பொறுப்புகளையும் அளித்தது. அச்செப்பேட்டில் சான்றொப்பமிட்டோர் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் தம் பெயர்களைப் பொறித்துள்ளனர். ஒரே அங்காடியின் நன்மைக்குப் பல சமயத்தார் ஒன்றாய்ப் பொறுப்பேற்ற சான்று அது. ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர், தம்மைக் காத்த வீரர்களைப் போற்றிச் சில ஊர்களை 'எறிவீரப்பட்டினம்' ஆக்கியதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. காவலைத் தம் வணிகத்தின் ஓர் உறுப்பாகவே வணிகர் கருதினர்.

அதே காவல் பிற்காலத்தில் எவ்வாறு திரிந்தது என்பதையும் நெல்லைச் சீமை அறியும். சொக்கம்பட்டி, சிவகிரி, ஊற்றுமலை போன்ற பாளையங்கள் நிறைந்த இப்பகுதியில், தலக்காவல் என்றும் திசைகாவல் என்றும் காவற்கூலி பெறப்பட்டது. காவலர் முறையாக நடந்தவரை அது அரணாயிற்று. கூலி தராதவர் பொருளே களவு போகும் நிலை வந்தபோது, வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று. பாஞ்சாலங்குறிச்சிப் போரின் முடிவில், 1801க்குப் பின், கம்பெனியார் பாளையக்காரர்களின் படைக்கலத்தையும் காவலுரிமையையும் பறித்தனர். சென்னை மாகாணத்தில் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்றைய காவல்துறை உருவாயிற்று. களவுக்கும் கலகத்திற்கும் அது விடையளித்தது. ஆயின் திண்ணை வழியில் நீள்வதையும், அடுப்பு துணிக்கடையை நெருங்குவதையும் நாள்தோறும் நோக்கும் கண் எவருடையது? அக்கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

இன்று அந்தப் பொறுப்பு பல கூறுகளாகச் சிதறிக் கிடக்கிறது. இடம் தருவது உள்ளாட்சி அல்லது கோயில் நிருவாகம், மின்னிணைப்பு மின்வாரியம், தீத்தடுப்பு தீயணைப்புத் துறை, உணவுக்கு ஓர் அலுவலர், எடைக்கு ஓர் அலுவலர், கூட்டத்திற்குக் காவல்துறை. ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செய்யலாம். எனினும், தெரு முழுவதையும் ஒரே பார்வையில் காண்பவர் ஒருவர் இல்லாதபோது, பங்குகளுக்கு இடையிலுள்ள சந்தில்தான் தீ நுழைகிறது.

எரிந்த அங்காடிகள் தரும் படிப்பினை

சென்னையில் 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, பழைய நூல்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட், 1985ஆம் ஆண்டு மே மாதம் தீக்கிரையாயிற்று. வணிகர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் வேறிடம் கிடைத்தது. ஆனால் அந்தச் செந்நிறக் கட்டடமும் அதன் தாழ்வாரங்களும் மீளவில்லை. அவ்விடத்தில் இரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. 2018ஆம் ஆண்டு பெப்ருவரி 2ஆம் நாள் இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயில் கடைகளில் பற்றிய தீ, வீரவசந்தராயர் மண்டபத்தைச் சிதைத்தது. 2020ஆம் ஆண்டு தீபாவளி நாளில் மதுரை விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் ஒரு துணிக்கடை எரிந்தபோது, பழைய கட்டடம் சரிந்து தீயணைப்பு வீரர் இருவர் உயிர் துறந்தனர். இடியும் கட்டடத்தை முன்பே அகற்றுக என்று இப்னு கல்தூன் எழுதிய வரியை இதனருகே வைத்துப் பார்த்தால் நெஞ்சம் கனக்கிறது.

இதற்கு மாறாக, மீண்டெழுந்த அங்காடிகளும் உண்டு. இஸ்தான்புல் நகரின் பெரிய அங்காடி, சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ் காலத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. தீயும் நிலநடுக்கமும் அதனைப் பன்முறை அழித்தன. 1894இல் நிலநடுக்கத்தாலும், 1954இல் பெருந்தீயாலும் சிதைந்தும் அது மீண்டும் எழுந்தது. அதன் வாயில்கள் இரவில் அடைக்கப்படுகின்றன. கட்டடத்தைப் போலவே காவல் ஒழுங்கையும் அவர்கள் மரபாகப் போற்றினர். ஹலப் நகரின் தொன்மையான ஸூக்கோ 2012இல் உள்நாட்டுப் போரின் நெருப்பில் வெந்தது. தீயைவிடக் கொடியது பகை என்பதற்கு அது சான்று.

பகையின் தீயைத் தென்காசியும் கண்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் இந்நகரில் நேர்ந்த மோதலில் ஆறு உயிர்கள் பறிபோயின. யார் பக்கத்து உயிர் என்று எண்ணிப் பார்ப்பது நம் நோக்கமன்று. ஆறு இல்லங்களில் விளக்கு அணைந்தது என்பதே நம் துயரம். அச்சம் குடிகொண்ட தெருவில் தாய்மார் பிள்ளைகளோடு வந்து துணி எடுப்பதில்லை. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் முகம் பார்ப்பதில்லை. முஸ்லிம் கடையில் இந்து துணி எடுப்பதும், இந்து கடையில் முஸ்லிம் மளிகை வாங்குவதும் தென்காசியின் நூற்றாண்டுப் பழக்கம். அந்தப் பழக்கமே நகரின் முதல் மதில். வழியின் உரிமை என்பது அகலத்தில் மட்டும் இல்லை. எவரும் அஞ்சாமல் நடக்கும் நிலையில் இருக்கிறது.

புத்துயிர் ஊட்டும் வகை

பாதுகாப்பு என்றதும் சிறுவணிகரை அகற்றுவதே எளிய வழி எனச் சிலர் கருதுகின்றனர். அது வரலாற்றுக்கு முரண், நீதிக்கும் முரண். சந்தையிடம் பள்ளிவாசலைப் போன்றது. முந்தி வந்து அமர்ந்தவர் எழுந்து செல்லும்வரை அன்றைய பொழுது அவ்விடம் அவருக்கே உரியது என்னும் கருத்தைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நடைமுறைப்படுத்தினார்கள் என அறிவிக்கப்படுகிறது. ஏழை வணிகருக்கு அன்றைய இடம் உறுதி. ஆயின் நிலத்தின் மீது நிலையான ஆக்கிரமிப்பு இல்லை. எத்துணை நுட்பமான நடுநிலை! இந்திய நாடாளுமன்றம் 2014இல் இயற்றிய தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில் நடக்கிறது. நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வணிகர்களின் பேராளர் இருக்க வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. அரீஃபையும் ஷிஃபா அம்மையாரையும் நினைவூட்டும் ஏற்பாடு இது.

சென்னைத் தியாகராய நகரின் பாண்டிபஜார் மற்றுமொரு சான்று. அங்கு நடைபாதை வணிகருக்கு 2013இல் தனி வளாகத்தில் இடமளிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் சாலையின் இருமருங்கும் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வாகனத்திற்குரிய இடத்தைக் குறைத்து மனிதருக்குரிய இடத்தைக் கூட்டிய செயல் அது. நடப்பவரே கடைக்குள் நுழைபவர் என்பதை வணிகர் அறிவர்.

குற்றாலத்திற்கும் தென்காசிக்கும் இவற்றுள் எட்டாதது ஒன்றும் இல்லை. பருவக் கடைகளுக்கு இடம் வகுக்கும்போதே எண்ணெய் கொதிக்கும் வறுவல் கடைகளை ஒரு வரிசையிலும், துணி, பொம்மைக் கடைகளைத் தொலைவில் வேறொரு வரிசையிலும் அமைக்கலாம். சில கடைகளுக்கு ஒருமுறை தீயணைப்பு வண்டி நுழையுமளவு இடைவெளி விடலாம். தார்ப்பாய்க்குப் பதில் தகரம், வெற்று மின்கம்பிக்குப் பதில் உறையிட்ட கம்பி, கடைதோறும் ஒரு மணல் வாளி, ஒரு தீயணைப்புக் கருவி என்பன பெருஞ்செலவு அல்ல. தரையில் ஒரு வெண்கோடு இழுத்து, அக்கோட்டைத் தாண்டிச் சரக்கு வைப்பதில்லை என வணிகர்களே உறுதி பூணலாம். அந்தி சாய்ந்த பின் அருவியிலிருந்து திரும்பும் பெண்களுக்கு வழியெங்கும் வெளிச்சமும் தூய கழிப்பிடமும் வேண்டும். பழைய குற்றால அருவியில் 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் திடீர் வெள்ளம் வந்து ஓர் இளைஞனைக் கொண்டுபோயிற்று. ஆகவே, அபாயச் சங்கு ஒலித்ததும் மக்கள் ஓடி வெளியேறுவதற்கான வழி கடைச் சரக்குகளால் அடைபடாதிருத்தலும் உயிர்க்காவலே ஆகும்.

இவற்றையெல்லாம் நாள்தோறும் நோக்குவதற்கு, வறுவலுக்கு ஒருவர், துணிக்கு ஒருவர், பழத்திற்கு ஒருவர் என வரிசைதோறும் ஓர் 'அரீஃப்' தேவை. எந்தச் சமயத்தவராயினும் சரி, எல்லாரும் மதிக்கும் நேர்மையாளராக அவர் இருந்தால் போதும். வணிகர் சங்கம் அவரைத் தேர்ந்து, அவர் சொல்லுக்கு உள்ளாட்சியும் துறைகளும் செவிசாய்க்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டால், எண்ணூறு ஆண்டுப் பழைய அறிவு நம் தெருவில் மீண்டும் நடமாடும்.

இவ்விதழ் சென்றடையும் இல்லங்களில் வணிகர் பலர் உளர். தொழுகைக்குச் செல்லும் வழியில் கிடந்த முள்ளை அகற்றுவது நன்மை என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நம் கடைவாயிலில் வழியை மறித்து நிற்கும் பெட்டியும் ஒரு முள்தான். நாளைக் காலை கடை திறக்கும்போது அதனை ஒரு முழம் உள்ளே தள்ளி வைப்போமாக.